கழுவாத ரோல்

அந்தத் தெருவில் கேமராக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் கழுத்தில் ஒரு கேமரா தொங்கி யாரும் பார்த்ததில்லை. அவள் வேலை பார்த்த ஆப்செட் அச்சகத்தின் கேமரா ஒரு கட்டிலைவிட நீளம். தரையில் தண்டவாளம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். மனிதர் முகத்தை அது எடுக்காது. பலகையில் ஒட்டிக் கொடுக்கும் எழுத்தையும் கோட்டுப் படத்தையும் எடுக்கும். அதைப் பக்கத்து இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தட்டில் போட்டு அலசி, கருப்பைக் கருப்பாகவும் வெளுப்பை வெளுப்பாகவும் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்று அந்தத் தொழிலில் கிடையாது. சாம்பல் வந்தால் பிலிம் கெட்டது, குப்பைக்குப் போக வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடமாக அவள் இதையே செய்து வந்தாள்.

அவளுடைய கணவனை எல்லோரும் ஆச்சு என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவள் அவனுடைய சொந்த அக்கா. எதைக் கேட்டாலும் அவன் வாயில் முதலில் வருகிற வார்த்தை அது. குழாய்க்காரனிடம் சொல்லியாயிற்றா? ஆச்சு. கதவுக்குக் கீல் வாங்கியாயிற்றா? ஆச்சு. மூன்று நாள் கழித்தும் குழாய் ஒழுகும், கதவு தொங்கும். பொய்யன் என்று சொன்னால் பாவம். செய்யப் போகிறதையெல்லாம் செய்து முடித்த மாதிரியே மனசுக்குள் நினைத்துக்கொள்கிற ஜாதி அவன். அப்படி ஒருவனோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு மட்டும்தான் அந்த எரிச்சல் புரியும்.

அவன் ஒரு சாமான் கிடங்கில் மேற்பார்வையாளன். இரண்டு தளம். மேலே காகித உருளைகளும் மூட்டைகளும், கீழே லாரி வந்து நிற்கிற இடம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடுத்தூண் உட்கார்ந்தது. மேல் தளம் அப்படியே இறங்கிவிட்டது. உள்ளே ஆச்சுவும் சுமை தூக்குகிற இரண்டு பேரும் இருந்தார்கள். மூன்று பேரையும் பிணமாக வெளியே எடுக்க மாலை ஆகிவிட்டது. அந்த இரண்டு பேரில் ஒருவன் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் ஒரே மகன், இருபத்துமூன்று வயது. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் ஆச்சுதான்.

கிடங்குக்காரர்கள் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: மேற்பார்வையாளன் அளவுக்கு மேல் அடுக்க வைத்தான், தூண் சரியில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. பழியை இறக்கி வைக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? தெருவும் தலையாட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தையல்காரம்மா மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுடைய மெஷின் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. கேமராக்காரி வாசலை விட்டு இறங்கினால் மெஷின் நிற்கும். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நிற்கும். அப்புறம் மறுபடி ஓடும். காலையிலும் மாலையிலும், மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல். அதற்கு அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

இனி சொல்ல வேண்டியது கேமராக்காரி யாரிடமும் சொல்லாதது. தூண் விழுவதற்கு ஒன்பது நாள் முன்பு, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே ஆச்சு சொன்னான்.

"நடுத்தூண்ல விரிசல் விட்டிருக்கு. மேனேஜர்கிட்ட சொன்னா சிரிக்கிறான். அதான் அஞ்சு போட்டோ எடுத்தாச்சு. நீ கழுவிக் குடு, அவன் மேஜை மேல போடுறேன்."

"முப்பத்தாறுல அஞ்சுதானா? மிச்ச முப்பத்தொண்ணும் வீணாப் போகவா? ரோல் முடியட்டும், கழுவித் தரேன்."

அவன் சரி என்று சொல்லிவிட்டுக் கேமராவை அலமாரி மேல் வைத்தான். அவ்வளவுதான் நடந்தது. ரோல் வீணாகும் என்பது வாய்க்கு வந்த சாக்கு. ஆச்சு 'எடுத்தாச்சு' என்றால் எடுக்கப் போகிறான் என்று அர்த்தம். வெறும் பிலிமைக் கழுவ எதற்கு மெனக்கெட வேண்டும் என்று அவள் நினைத்தாள். பதினெட்டு வருடப் பழக்கத்தில் வந்த நினைப்பு.

அதனால்தான் மூன்று மாதமாக அலமாரி மேல் கை போகவில்லை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால், ஊர் சொல்வது சரி, புருஷன் சாகும்போதும் ஆச்சுவாகவே செத்தான். உள்ளே விரிசல் இருந்தால், கழுவித் தராமல் போனவள் அவள். இரண்டில் எது வந்தாலும் தாங்காது என்று தள்ளிப் போட்டாள்.

தள்ளிப் போட விடாதவள் அண்ணி. அண்ணி என்றால் ஆச்சுவின் அக்கா, கேமராக்காரியின் நாத்தனார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள். போட்டோ விஷயத்தைத் தம்பி அவளிடமும் சொல்லியிருந்தான். விசாரணை அதிகாரியிடமிருந்து அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லிக் கடிதம் வந்ததும் அவள் கத்தியைத் தீட்டத் தொடங்கினாள்.

"கேமரா அலமாரி மேல தூங்குது. நீ கீழ தூங்கு. நல்லா இருக்கு குடும்பம்."

"பாக்கலாம் அண்ணி."

"எப்ப பாப்பே? எனக்கும் சேத்து கொள்ளி வச்சிட்டா?"

கடைசியில் கேமராக்காரி ரோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்டுடியோக்காரரிடம் போனாள். அவர் எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்று விசாரித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கிடங்குக்குள்ள, ப்ளாஷ் இல்லாம? எங்க டெவலப்பர்ல போட்டா கண்ணாடி மாதிரி வெறுமனே வரும்மா. உள்ள ஏதாவது இருந்தாலும் எழுந்திருக்காது." அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். கேமராக்காரிக்குத் தெரிந்தது வேறு. வெளிச்சம் போதாமல் எடுத்த படத்தைக் கடுமையான டெவலப்பரில், அதாவது கழுவுகிற மருந்தில், போட்டால் மங்கலுக்கும் மங்கலுக்கும் இடையிலே இருக்கிற மயிரிழை வித்தியாசத்தைக்கூட அது இழுத்துப் பிரித்துக் காட்டும். தூணுக்கும் விரிசலுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் இருக்கும். அவள் ரோலைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அச்சகத்து டெவலப்பர் இதற்கு ஆகாது. அது அச்சகப் பிலிமுக்கென்று செய்தது. அதனால் ரசாயனக் கடையில் ஐந்து பொட்டலம் வாங்கினாள், கலக்கும் முறையை ஒரு தாளில் எழுதி வாங்கினாள். வெள்ளிக்கிழமை முதலில் ஒத்திகை பார்த்தாள். புது ரோல் ஒன்றைக் கேமராவில் போட்டு, மாடிப்படிக்கு அடியில் இருட்டாக இருக்கிற சுவரை எடுத்தாள். குளியலறைதான் வீட்டில் அவளுடைய இருட்டறை. விசிட்டிங் கார்டு அடிக்கிற ஒருவருக்குச் சின்னச் சின்ன பிலிம் போட்டுக் கொடுக்க அங்கே ஒரு சிவப்பு பல்பு மாட்டி வைத்திருந்தாள். கை எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பதால், அதன் சுவிட்சில் கயிறு கட்டி, முழங்கையால் இழுக்கிற மாதிரி ஒரு வளையம் போட்டிருந்தாள். அச்சகத்திலும் அதே மாதிரி ஒரு கயிறு உண்டு.

அச்சகப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அதன் கீழே எவ்வளவு நேரம் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. ஆட்களைப் படம் எடுக்கிற சாதாரண பிலிம் அப்படி இல்லை, எல்லா வெளிச்சத்தையும் அது வாங்கிக்கொள்ளும். அதைக் கும்மிருட்டில்தான் கழுவ வேண்டும். இது அவளுக்குத் தெரியாதா? அதனால்தான் வெள்ளிக்கிழமை பல்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுவினாள். படிக்கட்டுச் சுவரின் பூச்சில் இருந்த ஒட்டுக்கூடப் பளிச்சென்று விழுந்திருந்தது. சனிக்கிழமை விசிட்டிங் கார்டுக்காரர் அவசரமென்று வந்து நின்றார். பல்பு மறுபடி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மருந்து கலக்க உட்கார்ந்தாள். சமையலறை மேடையில் பழைய செய்தித்தாளை விரித்து, கை பொறுக்காத வெந்நீர் முக்கால் லிட்டர் எடுத்து வைத்தாள். கையுறை போட்டுக்கொண்டாள். மெட்டால் என்கிற பொடி அவளுக்கு ஆகாது, விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வரும். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட். அப்புறம் மெட்டால் இரண்டு கிராம். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் மிச்ச சல்ஃபைட் தொண்ணூறு கிராம். முதலிலேயே எல்லாவற்றையும் கொட்டினால் மெட்டால் கரையாமல் அழிச்சாட்டியம் பண்ணும். அதன் பின் ஹைட்ரோகுயினோன் எட்டு கிராம், கார்பனேட் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே, புரோமைடு ஐந்து. ஒன்று கரையாமல் அடுத்ததைப் போடக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டர் ஆக்கி, பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் கட்டி அடுக்கி, தெர்மாமீட்டரில் இருபது டிகிரி வருகிற வரைக்கும் காத்திருந்தாள். பிலிமின் நுனியில் வெளிச்சம் பட்ட துண்டில் விரல்கடை அளவு வெட்டிப் போட்டுப் பார்த்தாள். இரண்டே நிமிடத்தில் அட்டக்கருப்பு. மருந்து உயிரோடு இருக்கிறது.

அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்தச் சிவப்பு பல்பைக் கழட்டிட்டியா?"

"எங்க கயிறு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அதைத் தொடாம இருந்தா போச்சு. நான் என்ன நேத்து வேலைக்குச் சேந்தவளா?"

இந்தத் திமிர் ஒன்று போதும். வேலை தெரியாதவன் பயந்து பயந்து ஏணி வைத்துப் பல்பைக் கழற்றியிருப்பான்.

அவள் குளியலறைக்குள் நுழையப் போன நேரத்தில் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. தையல்காரம்மா. தெரு முழுக்க விஷயத்தைப் பரப்பியது அண்ணி என்பதைச் சொல்லவே வேண்டாம். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த அம்மாள் அவர்கள் வீட்டுப் படி ஏறினாள்.

"படம் எதுனா வந்தா எனக்கு முதல்ல காட்டு," என்று சொல்லிவிட்டு, கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டாள். ஊசி குத்தித் தழும்பேறிய விரல்கள்.

கேமராக்காரி கதவைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, கும்மிருட்டில் ரோலைத் திறந்தாள். ஐந்தே படம் என்பதால் தொடக்கத்திலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக அளந்து வெட்டினாள். இரண்டு முனையிலும் கிளிப் மாட்டி நீளத் தட்டில் இறக்கினாள். ஆறு நிமிடம் ஆக வேண்டும். இருட்டில் கடிகாரம் தெரியாதே, அதனால் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லும் வேலை அண்ணிக்கு.

"ஒண்ணு," என்று கதவுக்கு வெளியே குரல் வந்தது. கேமராக்காரி தட்டின் ஒரு முனையை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கினாள். "ரெண்டு." மருந்து தட்டில் சளக் சளக் என்று நகர்ந்தது. பல வருடமாக இந்தச் சத்தத்தில்தான் அவளுடைய கை வேலை செய்திருக்கிறது. "மூணு." மனசில் ஆச்சு வந்து நின்றான், கை கழுவிக்கொண்டே, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே. கடவுளே, எடுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தான் மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, அவன் எடுத்திருக்க வேண்டும். அந்த இருட்டில்தான் அவளுக்கே தெரிந்தது, எதை அவள் விரும்புகிறாள் என்று.

"நாலு," என்றாள் அண்ணி.

அச்சகத்தில் கருப்பு பாதி ஏறியிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் பிலிமைப் பார்ப்பாள். பார்த்துத்தான் இன்னும் விடுவதா, எடுப்பதா என்று முடிவு பண்ணுவாள். அவள் நினைத்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. முழங்கை போய் வளையத்தை இழுத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்போதாவது சுதாரித்திருக்கலாம். உடனே அணைத்துவிட்டு பிலிமை அடுத்த தட்டில், டெவலப்பரை நிறுத்துகிற புளித்த நீரில், போட்டிருந்தால் மங்கலாகவாவது மிஞ்சியிருக்கும். அவளால் முடியவில்லை, ஏனென்றால் படம் இருந்தது. பால் நிறப் பிலிமில் வரிசையாக ஐந்து சின்னக் கட்டம். மற்றவர்கள் பிரிண்ட் பார்ப்பது போல அவள் நெகட்டிவைப் பார்ப்பாள். தூண் சாம்பலாக நின்றது. அதன் நடுவில் மேலிருந்து கீழே, கோணல் மாணலாக, வெள்ளைக் கோடு. நிஜத்தில் கருப்பாக இருந்த விரிசல். நாலாவது படத்தில் கிட்டப் போய் எடுத்திருந்தான். ஐந்தாவதில் விரிசலுக்குக் குறுக்கே இரும்பு ஸ்கேலைப் பிடித்திருந்தான், அளவு தெரியட்டும் என்று. ஸ்கேலைப் பிடித்த கட்டைவிரல் தெரிந்தது. நகம் பாதி இல்லாத கட்டைவிரல். ஒரு லாரிக் கதவில் நசுங்கியது அது.

எடுத்திருக்கான், எடுத்திருக்கான் என்று அவளுக்குள் ஏதோ கூவியது. தட்டின் மேல் குனிந்து, வேலையில் எப்போதும் செய்கிற மாதிரி, கருப்பு ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் கொஞ்சம் ஏறினால் கோடு இன்னும் தெளியும். தட்டை ஆட்டக்கூட மறக்கவில்லை. சந்தோஷம் என்றால் அந்த மூன்று மாதத்தில் அதுதான் அவளுக்குக் கிடைத்த சந்தோஷம்.

"அஞ்சு," என்று அண்ணி சொன்னபோது வெள்ளைக் கோடு சாம்பலாகியிருந்தது. என்ன இது என்று பார்த்தாள். படத்துக்கும் படத்துக்கும் நடுவிலே இருக்கும் வெறும் இடமும் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அங்கே கருப்பு ஏற வழியே இல்லை, வெளிச்சம் பட்டால் ஒழிய. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விளக்கை அணைத்தாள். பிலிமை அள்ளிப் புளித்த நீரில் போட்டாள், அங்கிருந்து படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போவில் போட்டாள். இருட்டில் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு," என்றாள் அண்ணி. "ஆறு ஆச்சு. ஏம்மா, கேக்குதா?"

அவள் கதவைத் திறந்தபோது கையில் ஒரு முழம் கருப்பு நாடா சொட்டிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா எழுந்து வந்து அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே கருப்பு.

"எங்க?"

கேமராக்காரி சொன்னாள். முழங்கையையும் சொன்னாள், வெள்ளைக் கோட்டையும் சொன்னாள், ஸ்கேலையும் விரலையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் நிஜமாவே எடுத்திருக்கார் அண்ணி, நிஜமாவே எடுத்திருக்கார்," என்றாள்.

அண்ணி கையை உருவிக்கொண்டாள். "நிஜமாவேன்னா? அப்ப இத்தனை நாள் நீ என்ன நினைச்சிட்டிருந்தே?"

தையல்காரம்மா இன்னும் பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பொய் சொல்லலே," என்றாள் மெதுவாக. "பொய் சொல்றவ முழங்கையைச் சொல்ல மாட்டா. எப்ப எடுத்தது?"

"இடியறதுக்கு ஒம்போது நாள் முன்னாடி."

"ஒம்போது நாள்." பிலிமை மேஜை மேல் வைத்தாள். "உன் புருஷனுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். கண்ணு தெரியாத கபோதி, கவனிக்காம விட்டுட்டான்னுதான் இத்தனை நாள் வயிறு எரிஞ்சேன். தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுமா என் பையனை உள்ள அனுப்பினான்?"

"அவர் கழுவித் தரச் சொன்னார்," என்றாள் கேமராக்காரி. "நான்தான் ரோல் முடியட்டும்னேன். நம்பலை நான். அதான் அப்படிச் சொன்னேன்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல்காரம்மா கேமராக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள், துணி வெட்டுமுன் ஆளை அளப்பது போல. அப்புறம் செருப்பைக்கூடத் தேடாமல் தெருவைக் கடந்து போனாள். அன்று முழுக்க எதிர்வீட்டு மெஷின் ஓடவில்லை.

வியாழக்கிழமை கேமராக்காரி தனியாகத்தான் போனாள். அண்ணி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளோடு பேசுவதில்லை. விசாரணை அதிகாரி நல்ல மனிதர், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிலிமை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லையேம்மா," என்று திருப்பிக் கொடுத்தார். அவள் பார்த்ததைச் சொன்னாள். ஆச்சு மேனேஜரிடம் வாயால் சொன்னதையும், மேனேஜர் சிரித்ததையும் சொன்னாள். ஒன்பது நாள் கணக்கையும், கழுவித் தர மறுத்ததையும் ஒளிக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் அதிகாரி. "மேனேஜர்கிட்ட சொன்னதுக்குச் சாட்சி கிடையாது. விரிசல் தெரியும்னு நீங்க சொல்றது உங்க வீட்டுக்காரருக்கே எதிராப் போகலாம்."

"நடந்தது அதுதான் சார். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். ஒரு குமாஸ்தா அதை டைப் அடித்துக் கொண்டுவந்தார், அவள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. பதினாறு பக்கம். மேனேஜர் சிரித்தது அதில் எங்கேயும் இல்லை. ஸ்கேலும் விரலும் இல்லை. கேமரா, பிலிம் என்ற சொற்களே இல்லை. பதினொன்றாம் பக்கத்தில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. தூணில் விரிசல் விட்டிருந்ததை மேற்பார்வையாளர் ஒன்பது நாட்களுக்கு முன்பே அறிந்திருந்தும் தொழிலாளர்களை உள்ளே அனுப்பினார் என்பதை அவருடைய மனைவியே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார். பின்னிணைப்பில் அவளுடைய கையெழுத்து இருந்தது.